ஒன்பதரை என்றால் பத்தேகால்

டப்ளினில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் போன மாதம் போன் செய்தான். சித்தி வழியில் தூரத்துச் சொந்தம். "அக்கா, நானும் ஒரு டின் விசில் வாங்கிட்டேன். செஷன் எங்கெங்க நடக்குதுன்னு ஒரு லிஸ்ட் அனுப்புங்க. இந்த வாரமே போய்ச் சேர்ந்துக்கிறேன்" என்றான். நான் இரண்டு வருஷம் பட்ட பாடு மொத்தமும் அந்தப் பேச்சுக்குள் சுருண்டு கிடந்தது. லிஸ்ட் அனுப்பவில்லை. அதற்குப் பதில் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: ஐரிஷ் பாரம்பரிய இசை வாசிப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கும் கூட்டத்துக்கு செஷன் என்று பெயர். பெரும்பாலும் பப்பின் ஒரு மூலையில் நடக்கும். மேடை கிடையாது, எதிரில் நோட்டேஷன் தாள் கிடையாது. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிப்பார்கள். கேட்க வந்தவர்களுக்கு முதுகுதான் தெரியும். ஃபிடில் (நம் வயலின்தான்), ஃப்ளூட், டின் விசில் என்கிற தகரக் குழல், கான்செர்டினா என்கிற குட்டித் துருத்திப் பெட்டி, பேஞ்சோ என்று எத்தனை பேர் இருந்தாலும் எல்லோரும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிப்பார்கள். தனி ஆவர்த்தனம், கற்பனா ஸ்வரம் எல்லாம் இல்லை. மெட்டு பொதுவாக இரண்டு பகுதி. ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசித்தால் 32 பார், அதாவது 32 தாளக்கட்டு, ஒரு சுற்று. இரண்டு மூன்று சுற்று ஓடியதும் நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். இப்படி இரண்டு மூன்று மெட்டு கோத்தது ஒரு செட். செட் முடிந்தால் ஒரு வாய் குடித்து, ஊர்க்கதை பேசி, யாரோ ஒருவர் எதுவும் சொல்லாமல் அடுத்ததை ஆரம்பிப்பார். கச்சேரி என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். மார்கழி விடிகாலையில் தெருவில் வரும் பஜனை கோஷ்டிதான் இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். வெண்பொங்கலுக்குப் பதில் கின்னஸ்.

தமிழ்க் காதுக்கு இந்த உலகமே ஒரு வேடிக்கை. நம்மூரில் ரீல் விடுவார்கள், இங்கே ரீல் வாசிப்பார்கள், அது வேகமான ஒரு நடன மெட்டு வகை. ஊர்கூடி ஆடும் ஆட்டத்துக்குப் பெயர் கேலி. கலகலப்புக்குப் பெயர் கிராக். "நேத்து கேலியில கிராக் நல்லா இருந்துச்சாம்" என்று ஆபீசில் கேட்டதை அப்படியே அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டு, விளக்க முடியாமல் தவித்திருக்கிறேன். அம்மாவின் கவலை வேறு. "ஏட்டி, பாட்டு படிக்கதுக்கு யாராவது சாராயக்கடைக்குப் போவாவளா?" சிறு வயதில் பாளையங்கோட்டையில் நாலு வருஷம் என்னைப் பாட்டு கிளாசுக்கு அனுப்பியவள் கேட்கக்கூடிய நியாயமான கேள்விதான். இங்கே பப் என்பது பாதி டீக்கடை, பாதி திண்ணை, பேரனைக் கூட்டிக்கொண்டு பாட்டி வருவாள், நான் குடிப்பது சோடா என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "சோடான்னா வீட்ல குடி" என்றாள்.

நான் இருப்பது கால்வேயில். மேற்குக் கடற்கரை ஊர், மழைக்குப் பேர்போனது, இசைக்கும்தான். விசில் வாங்கியபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. பத்துப் பதினைந்து யூரோவுக்கு ஒரு தகரக் குழல், ஆறு துளை, பிளாஸ்டிக் வாய். நம் புல்லாங்குழல் மாதிரி உதட்டைக் குவித்துக் காற்றைத் தேட வேண்டியதில்லை, ஊதினாலே சத்தம் வரும். வாத்தியத்தில் ஆளை ஏமாற்றுவதே இந்தச் சுலபம்தான். வீட்டில் ஆறு மாதம் வீடியோ பார்த்து ஊதி, ஏழெட்டு மெட்டு கைக்கு வந்ததும் நான் தயார் என்று நினைத்துவிட்டேன்.

முதலில் போனது, கடைவீதியில் வாசல் கரும்பலகையில் "இன்றிரவு நேரடி இசை, 9.30" என்று சாக்பீஸில் எழுதியிருந்த ஒரு பப். உள்ளே இரண்டு பேர் ஸ்பீக்கர் வைத்து, சுற்றுலாக்காரர்கள் கைதட்டக் கைதட்டப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது அவர்கள் பிழைப்பு. ஆனால் அது செஷன் இல்லை. கைப்பையில் விசிலோடு ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்தேன். அன்று கற்றது ஒன்று உண்டு: மைக் இருந்தால் நமக்கு அங்கே வேலை இல்லை.

அடுத்தது இணையத்தில் பார்த்துப் போனது. செஷன்களைப் பட்டியல் போடும் தளங்கள் உண்டு, உபயோகமானவைதான். ஆனால் யாரோ என்றைக்கோ ஏற்றிய தகவல் யாரும் அழிக்காமல் அப்படியே கிடக்கும். நான் போன இடத்தில் அந்த வியாழக்கிழமைக் கூட்டம் நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. "அதை நடத்தியவர் கிளேர் மாவட்டத்துக்குக் குடிபோய்விட்டாரே" என்றார் பாரில் இருந்தவர். அதைக் கேட்டதும்தான் உறைத்தது. செஷனுக்கு முகவரி பப் இல்லை. யாரோ ஓர் ஆள், அவருடைய இரண்டு மூன்று சிநேகிதர்கள், அவர்களுக்கு ஒத்துவரும் ஒரு கிழமை, அவ்வளவுதான். ஆள் போனால் செஷன் போயிற்று. பப் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் காலி மூலைதான் கிடைக்கும்.

மூன்றாவது இடத்தில் நிஜமான செஷன் அகப்பட்டது. அங்கேதான் மானம் போனது. ஒன்பதரை என்று சொன்னதால் ஒன்பதேகாலுக்கே போய்விட்டேன். மூலை மேசையில் சுவரோரமாக ஒரு நாற்காலி சும்மா கிடந்தது. உட்கார்ந்தேன். பத்து மணி வரை ஒருவரையும் காணோம். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள், புன்னகைத்தார்கள், உட்கார்ந்தார்கள். பத்தேகாலுக்கு ஃபிடில் பெட்டியோடு ஒரு பெரியவர் வந்து என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், பின்னால் கிடந்த ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டார். "இது உங்க இடமா?" என்று எழுந்தேன். "யூ ஆர் கிராண்ட்" என்றார். கிராண்ட் என்றால் பிரமாதம் என்று நாம் நினைப்போம். இங்கே அதற்கு "பரவாயில்லை, விடு" என்றுதான் அர்த்தம். அந்த விடுவதில் எத்தனை வகை உண்டு என்பது பழகப் பழகத்தான் புரியும். இருபது வருஷமாக அது அவர் உட்காரும் இடம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

வாசிக்க ஆரம்பித்தார்கள். ஒரு ரீலின் 32 பாரும் சுமார் 35 வினாடியில் ஓடி முடிந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்த மெட்டே வந்தாலும் எனக்குத் தெரிந்த மெட்டாகக் கேட்கவில்லை. பஸ் போன பிறகு நிறுத்தத்தில் ஓடுகிறவள் மாதிரி பின்னாலேயே ஊதிக்கொண்டிருந்தேன். தெரியாத மெட்டு வந்தபோதும் சும்மா இருக்கவில்லை. மெல்ல, யாருக்கும் கேட்காது என்ற நினைப்பில், கையில் பட்ட ஸ்வரத்தையெல்லாம் ஊதினேன். டின் விசில் மெல்ல ஒலிக்கும் வாத்தியம் இல்லை. மேல் ஸ்தாயிக்குப் போனால் தெருமுனை வரை கேட்கும். இப்படித் தெரியாததைத் தடவித் தடவி வாசிப்பதற்கு இங்கே நூடுலிங் என்றே பெயர் இருக்கிறது. கிண்ணத்தில் எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்குமே, அதேதான்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஊர்க்காரர்கள் சொல்ல மாட்டார்கள். இடைவேளையில் பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி மட்டும் கான்செர்டினாவை மடியில் வைத்துக்கொண்டு, "நல்ல விசில் அது. எங்கே வாங்கினாய்?" என்று தொடங்கி, வானிலைக்குப் போய், என் ஊர் எது என்று கேட்டு, கடைசியில் "சும்மா கேட்டுக்கொண்டிருப்பதும் வாசிப்பதில் சேர்த்திதான், தெரியுமா?" என்றார். நம் ஆச்சிகள் சோற்றில் மறைத்து மாத்திரை கொடுப்பது போல. கிளேர் மாவட்டத்துக்காரர். அந்தப் பக்கம் கான்செர்டினா பெண்கள் வாத்தியம் என்றே பேர் வாங்கியது. இங்கே எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், எண்பது வயதானாலும். எனக்கு நாக்கு வரவில்லை. மனசுக்குள் அவர் கான்செர்டினா ஆச்சிதான்.

ஆச்சிதான் எனக்குத் தேடக் கற்றுக்கொடுத்தார். ஒரு செஷனைப் பற்றி விசாரிக்க வேண்டியது நேரமும் இடமும் அல்ல என்றார். யார் நடத்துகிறார்கள், எந்த வேகத்தில் போகும், தெரியாத ஆள் வந்து உட்காரலாமா? இதைப் பாரில் நிற்பவரிடமே கேட்கலாம், அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாவிட்டால் அதுவே ஒரு பதில். வாத்தியக் கடையில் கேட்கலாம், ஃபிடில் ரிப்பேர் செய்பவரிடம் கேட்கலாம். வார இறுதியை விட்டுவிடு, திங்கள் செவ்வாயில் தேடு. வெள்ளி சனியில் ஊருக்காக வாசிப்பார்கள், வாரத் தொடக்கத்தில் தங்களுக்காக வாசிப்பார்கள். பல இடங்களில் இரண்டு மூன்று பேருக்கு பப்பே சம்பளம் கொடுத்து உட்கார வைக்கும், மற்றவர்கள் சும்மா வந்து சேர்வார்கள். அந்தச் சம்பளக்காரர்கள் யாரென்று கண்டுபிடித்து, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்கார வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, "உனக்கு வேண்டியது ஸ்லோ செஷன். அது பப்பில் இருக்காது" என்றார்.

அது இருந்தது ஒரு சமூகக் கூடத்தில், ட்யூப்லைட் வெளிச்சத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளோடு. கோல்டஸ் கியோல்டோரி ஏரன் என்று ஓர் அமைப்பு உண்டு. ஐரிஷில் எழுதினால் நம்மால் வாசிக்க முடியாது, பேச்சில் கோல்டஸ். 1951ல் முல்லிங்கர் ஊரில் தொடங்கியது. இன்று நாடெங்கும், வெளிநாடுகளிலும் அதற்குக் கிளைகள். குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் வகுப்பு நடத்துவார்கள், பல இடங்களில் வகுப்பின் வாலாக ஒரு மெதுவான செஷனும் இருக்கும். பப் வெளிச்சம், கணப்பு, கண்ணாடித் தம்ளர் என்று நான் கற்பனை செய்திருந்த எதுவும் அங்கே இல்லை. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் எனக்கு முன் உட்கார்ந்து என்னைவிட நன்றாக ஊதினான். ஆனால் ஒரு சுற்றுக்கு ஐம்பது வினாடிக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பதினைந்து வினாடியில்தான் என் விரல்கள் முதல்முறையாகப் போய்ச் சேர்ந்தன.

அங்கே கற்ற முதல் மெட்டு கெஷ் ஜிக். ஜிக் என்பது ரீல் மாதிரி இன்னொரு நடன மெட்டு வகை. ஐரிஷ் இசை தொடங்கும் பாதிப் பேருக்கு இதுதான் ஆரம்பப் பாடம் என்று நினைக்கிறேன். போர்டில் ஜி, ஏ, பி என்று எழுதிப் போட்டார்கள். நான் நோட்டில் என் பழக்கத்துக்கு எழுதினேன்: ஸா ஸரிக, ரீ ரிகப, தபப ஸ்பப, தபக பகரி. எழுதி முடித்துப் பார்த்தால் மோகனம்! அசந்துபோனேன். அந்தப் பகுதியின் கடைசியில் மட்டும் ஒரு நிஷாதம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். தாளம் தகிட தகிட, அச்சுத் திஸ்ரம். ஸ்லிப் ஜிக் என்று இன்னொன்று, தகிட மூன்று முறை. டி சுருதி விசிலின் எல்லாத் துளையையும் வரிசையாகத் திறந்தால் சங்கராபரணம். அதே துளைகளை வைத்து வேறு ஸ்வரத்தில் ஆதாரத்தை நிறுத்தினால் ஹரிகாம்போதி, கரஹரப்பிரியா. பேராசிரியர்கள் மிக்ஸோலிடியன், டோரியன் என்பார்கள். பாளையங்கோட்டை கிளாஸ் வீண்போகவில்லை என்று அன்றே அம்மாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்.

ஆனால் அதே கிளாஸ் காலையும் வாரியது. ஸ்வரத்தைக் கண்டதும் என் விரல் வழுக்கி அசைக்கப் பார்க்கும். இங்கே அலங்காரம் அப்படி இல்லை. கட் என்றால் மேலே ஒரு விரலைக் கண்சிமிட்டும் நேரம் தூக்கி வைப்பது. அது ஒரு ஸ்வரமாகக் கேட்கவே கூடாது, ஒரு வெட்டு மட்டும் கேட்க வேண்டும். கமகத்தை மறக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. இன்னும் முழுசாக மறக்கவில்லை.

இந்த பப் மூலை வழக்கம் ஆயிரம் வருஷப் பழசு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மெட்டுகள் பழையவை, பல நூற்றைம்பது இருநூறு வருஷத்தவை. ஆனால் அவை வாழ்ந்தது கிராமத்து வீடுகளின் அடுப்படியில், நடனத்துக்காக. 1935ல் பொது நடனக்கூடச் சட்டம் வந்தது. ஆட்டத்துக்கு நீதிமன்ற உரிமம் வேண்டும் என்றது. பாதிரியார்களும் போலீசும் அதை வைத்து வீட்டு ஆட்டங்களையும் விரட்டினார்கள். அப்புறம் வறுமை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கூட்டம் கூட்டமாக லண்டனுக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். வாடகை அறையில் ஃபிடில் வாசித்தால் வீட்டுக்காரி விடுவாளா? கேம்டன் டவுன், கென்டிஷ் டவுன் பக்கத்து பப்களில் வந்து உட்கார்ந்தார்கள். ஊரில் ஒருவர் அடுப்படிக்கு ஒருவர் போயிராதவர்கள், வேறு வேறு மாவட்டத்துக்காரர்கள், அங்கேதான் ஒரே மேசையில் சேர்ந்தார்கள். அந்த வழக்கம் பிறகு அயர்லாந்துக்குத் திரும்பி வந்து வேர்பிடித்தது. அதாவது இந்த மூலை மேசையே ஊர்விட்டு ஊர் போனவர்கள் போட்டது. இதைப் படித்தபின் அந்த மேசைக்குப் போக எனக்கு இருந்த கூச்சம் பாதி குறைந்தது.

மெதுவான செஷனில் எட்டு மாதம். முப்பது மெட்டு சேர்ந்ததும் ஆச்சியின் செஷனுக்குத் திரும்பிப் போனேன். இந்த முறை ஸ்டூலில், பின்வரிசையில், விசில் பைக்குள். செட் முடிந்ததும் அனுமதி கேட்டு போனில் ஒன்றிரண்டு மெட்டைப் பதிவு செய்வேன். கேட்காமல் பதிவு செய்தால் முகம் சுளிப்பார்கள், அது நியாயம்தான். வீட்டில் அதை அறுபது சதவீத வேகத்துக்குக் குறைத்துக் கேட்டுக் கேட்டுப் பிடிக்க வேண்டும். பெயர் கேட்டால் பலருக்குத் தெரியாது. முப்பது வருஷமாக வாசிப்பார்கள், பெயர் தெரியாது. பதிவுகளிலும் புத்தகங்களிலும் "கன் ஆனிம்" என்று அடிக்கடி பார்ப்பீர்கள். நான் அதை ரொம்பப் பிரபலமான மெட்டு என்று நினைத்திருந்தேன். ஐரிஷில் பெயரில்லாதது என்று பொருள்.

வாத்தியம் இன்னும் வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பவ்ரான் சுலபம் என்று நினைக்காதீர்கள். ஆட்டுத்தோல் மேளம், ஒரு குச்சியால் அடிப்பது. ஒரு செஷனுக்கு ஒன்று போதும், இரண்டாவது வந்தால் மேசையில் மௌனம் விழும். அதை எதைக்கொண்டு வாசிப்பது நல்லது என்று கேட்டபோது, பைப் என்கிற துருத்திக் குழலில் பெரும் கலைஞரான ஷேமஸ் என்னிஸ் "பேனாக்கத்தியால்" என்றாராம். எல்லா ஊரிலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். கிட்டாரும் அப்படித்தான், ஏற்கெனவே ஒருவர் இருந்தால் உறையிலேயே இருக்கட்டும். விசிலும் ஃபிடிலும் எத்தனை வந்தாலும் தாங்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அது நடந்தது. இரண்டு செட்டுக்கு நடுவே பெரியவர், நாற்காலிக்காரர், என் பக்கம் திரும்பி, "உன்னிடம் ஒரு மெட்டு இருக்கிறதா?" என்றார். ஆரம்பிப்பவர் வைப்பதுதான் வேகம், மற்றவர்கள் அதற்குள் நடந்துகொள்வார்கள். இதுதான் இங்கே மரியாதை. கெஷ் ஜிக்கை நான் எத்தனை மெதுவாக ஆரம்பித்திருந்தாலும் பன்னிரண்டு பேரும் அதற்கு இறங்கி வந்திருப்பார்கள். எனக்குப் பயம். பயத்தில் கால் வேகமாகத் தட்டிவிட்டது. முதல் பகுதி எப்படியோ ஓடியது. இரண்டாம் பகுதியில் என் விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, நான் வைத்த வேகத்துக்கு நானே ஈடுகொடுக்க முடியாமல் நின்றுவிட்டேன். அவர்கள் நிற்கவில்லை. நான் தொடங்கியதை நானில்லாமல் மூன்று சுற்றும் வாசித்து, இன்னொரு ஜிக்கையும் கோத்து முடித்தார்கள். முடிந்ததும் பெரியவர் என்னைப் பார்த்து, "நல்ல செட்" என்றார். ஆச்சி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், சிரிப்பை அடக்கத்தான்.

கிளேரில் மில்டவுன் மால்பே என்று ஒரு சின்ன ஊர். பைப் வாசித்த வில்லி கிளான்சி 1973 ஜனவரியில் இறந்தார். அந்த வருஷமே அவர் பெயரில் ஒரு கோடைப் பள்ளி தொடங்கினார்கள், இன்றும் ஜூலையில் ஒரு வாரம் நடக்கிறது. காலையில் வகுப்பு, மிச்ச நேரமெல்லாம் ஊர் முழுக்க வாசிப்பு. பப் நிறைந்தால் நடைபாதையில், நடைபாதை நிறைந்தால் கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு. ஆரம்பக்காரர் ஒரு வாரம் அங்கே இருந்தால் ஊரில் ஒரு வருஷம் தேடியும் கிடைக்காத ஆட்கள் கிடைப்பார்கள். தங்க இடம் மட்டும் கிடைக்காது.

சரி, தம்பி விஷயம். டப்ளினுக்கு மாறாத இரண்டு மூன்று முகவரி உண்டு, அவற்றைச் சொன்னேன். ஹென்றியட்டா தெரு 15ல் பைப்காரர்களின் சங்கம், நா பீபரி இலன், 1968ல் தொடங்கியது. மங்ஸ்டவுனில் கோல்டஸின் தலைமையகம். ஸ்மித்ஃபீல்டில் காபிள்ஸ்டோன் பப். அதைச் சுற்றி ஹோட்டல் கட்டும் திட்டம் வந்தபோது, 2021ல், வாத்தியங்களோடு தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள். அந்த நவம்பரில் மாநகராட்சி அனுமதி மறுத்தது. அங்கே போ, பின்னால் நில், கேள், யாரையாவது பழகிக்கொள் என்றேன். லிஸ்ட் வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணமும் சொன்னேன். எங்கள் செவ்வாய்க்கிழமை செஷனே மூன்று வாரம் முன்பு இடம் மாறிவிட்டது. பப் கைமாறி, மூலையில் பெரிய டிவி வந்துவிட்டது. இப்போது இரண்டு தெரு தள்ளி வேறொரு பப்பின் பின்னறையில் உட்கார்கிறோம். இணையத்தில் இன்னும் பழைய இடம்தான் இருக்கிறது. போன வாரம் ஜெர்மனியிலிருந்து ஃபிடிலோடு வந்த ஒருவர் கால்பந்து பார்த்துவிட்டு, பாரில் விசாரித்து, பதினோரு மணிக்கு எங்களிடம் வந்து சேர்ந்தார்.

நேற்று தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தான். யாரோ ஒரு செஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம், திங்கட்கிழமை. "ஒன்பதரைன்னு சொன்னாங்க அக்கா. நல்ல இடமாப் பிடிக்க ஒன்பதுக்கே போயிடவா?"

போ, ஆனால் சுவரோர நாற்காலியில் உட்காராதே என்று பதில் போட்டேன்.